மூணு மணிக்கு மேல என்ன பண்ணுவே கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. பொள்ளாச்சியில இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டு தாண்டி வந்திருக்கறே. எதுக்குன்னு நான் கேக்கல. சட்டைப் பையில துருத்திட்டு நிக்கிற லாட்டரிச் சீட்டுக் கட்டே சொல்லுது. அக்கட்டால இருந்து வர்ற இளவட்டங்க சில பேரு கள்ளுக்கு வர்றாங்க, சில பேரு சீட்டுக்கு வர்றாங்க. கள்ளுக்கு வந்தவன் பொழுது விடிஞ்சாத் தெளிஞ்சிருவான்.

உங்க பக்கம் 2003-லயே லாட்டரியத் தடை பண்ணிப்போட்டாங்க. எங்க கேரளா சர்க்கார் 1967-லயே சொந்தமாச் சீட்டு அடிச்சு வித்துச்சு. சீட்டு ஒரு ரூபா, பெரிய பரிசு 50,000. மொதக் குலுக்கல் 1968 சனவரி 26. அப்புறம் 2011-ல காருண்யான்னு ஒண்ணு வந்துச்சு. அதுல வர்ற காசு ஏழைபாழைங்க வைத்தியத்துக்குன்னாங்க. அதனால உனக்குப் பரிசு விழலைன்னாலும் புண்ணியம் விழும். மனசத் தேத்திக்க.

விழவே விழாதுன்னு நான் சொல்லல. 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையார்ல வாங்கின சீட்டுக்குத்தான் விழுந்துச்சு. வாங்கினது நாலு தமிழ்நாட்டுக்காரங்க, பங்கு போட்டு. ஆனா அந்த வருசம் வித்தது 75 லட்சம் சீட்டுக்கு மேல. மிச்சப் பேரோட போட்டோ எந்தப் பேப்பர்ல வந்துச்சு? அதுக்கு முந்தின வருசம் 25 கோடி அடிச்சவரு திருவனந்தபுரத்து ஆட்டோக்காரரு. ஒதவி கேட்டு வாசல்ல நின்ன கூட்டத்துல, சொந்த வீட்டுல இருக்க முடியாம, இது விழாமயே இருந்திருக்கலாமுன்னு புலம்பினாரு மனுசன்.

நீ மனசுக்குள்ள வாங்கி நிறுத்தியிருக்கிற காரு எத்தன லட்சம்? ஏஜெண்டுக்கு ஒரு பங்கு, மிச்சத்துல வருமான வரி முப்பது, அதுக்கு மேல சர்சார்ஜ். காரைக் கொஞ்சம் சின்னதாக்கிக்க.

தெனசரி சீட்டுக்கு மூணு மணிக்குக் குலுக்கல். ரெண்டே முக்காலுக்கு உன் மூஞ்சியப் பாத்தா சமீன்தார் தோத்தான். கையில டீ கிளாஸ், மேல ஆடை கட்டிப் போச்சு, ஒரு வாய் குடிக்கல. மூணேகாலுக்குப் போனத் தேச்சுத் தேச்சுக் கடைசி நாலு நம்பரப் பாக்கறே. அப்புறம் அந்த ஆறிப்போன டீக்கும் சேத்துக் காசு குடுத்துட்டுப் போறே. காசும் போச்சு, டீயும் போச்சு.

அந்தத் தோப்பப் பாரு. நெட்டை ரகம். காய்ப்புக்கு வர ஆறேழு வருசம் ஆகும். வெச்சவன் அதுவரைக்கும் அண்ணாந்து பாத்துட்டே உக்காந்திருந்தா, குலை தள்ளறதுக்குள்ள அவனைக் கொண்டுபோய்ச் சேத்திருப்பாங்க. அவன் கன்னுக்குக் கன்னு இருபத்தஞ்சடி விட்டு நட்டான். நடுவுல வெய்யில் விழற எடத்துல நெலக்கடலை போட்டான், உளுந்து போட்டான். கடலைக் கொடி மாட்டுக்கு, மாட்டுப் பாலு புள்ளைங்களுக்கு, சாணி தென்னங்கன்னுக்கு. இன்னைக்கு வகுறும் நெறஞ்சுது, நாளைக்கு மரமும் வளந்துது.

இன்னொருத்தன் இருந்தான். நாளைக்கு யாரு கண்டா, இன்னைக்கு இருக்கறதுதான் நெசமுன்னு கன்னே வெக்கல. கடலை நல்லாத்தான் வெளஞ்சுது. இப்ப அவனுக்கு அறுவது தாண்டிருச்சு. இன்னமும் குனிஞ்சு கடலை புடுங்கறான்.

எங்க சித்தூர்க்காரங்களையும் பாரு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்துல ரெண்டு சர்க்காரும் 1970-ல கையெழுத்துப் போட்டாங்க, இவங்களுக்கு வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணின்னு. வருமா, எப்ப வருமுன்னு வருசா வருசம் பேச்சுத்தான். ஆனாலும் நம்பறாங்க. நம்பறவன் மொதல்ல வாய்க்காலத் தூர் வாரறான். தண்ணி வந்து நிக்கிறப்ப மம்பட்டி தேடறவனுக்குப் பேரு நம்பிக்கைக்காரன் இல்ல, சோம்பேறி.

செரி, ஒரு சீட்டு வெச்சுக்க, வேண்டாங்கல. மிச்சத்தத் திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுக்கு ரெண்டு தென்னங்கன்னு வாங்கிட்டுப் போ. பரிசு விழுந்தா எனக்குச் சொல்லாதே, கைமாத்துக் கேக்க எனக்குக் கூச்சமா இருக்கும். விழலைன்னா வெள்ளெனக் கெளம்பி வா. கடலை புடுங்க ஆளு பத்தல. கூலி அன்னன்னைக்கே குடுத்துருவேன்.