நன்றியுரைக்கு எத்தனை மார்க்?

இந்த வாரம் சங்கரன்கோவிலில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க நினைப்பவர்கள், நினைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செமஸ்டர் முடியப் போகிறது. கடைக்குக் கடை பிள்ளைகள் நிற்கிறார்கள். ஸ்பைரல் பைண்டிங் மிஷின் ஓயாமல் காகிதத்தைக் கடிக்கிறது. ரேஷன் கார்டு நகலுக்கு வந்த பெரியவரை “ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க தாத்தா” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஏன் இந்தக் கூட்டம் என்றால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: “எங்க சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.” ஏதோ பட்டமளிப்பு விழாவில் கொடுத்ததுபோல இந்த விருதை நாம் பேராசிரியர்களுக்கு வழங்கி வருகிறோம். நான் சொல்ல வருவது வேறு. இவர்கள் போதிய அளவு கண்டிப்பானவர்களே இல்லை. எதில் கண்டிப்புக் காட்டினால் தாமும் உட்கார்ந்து படிக்க வேண்டி வருமோ அதை விட்டுவிட்டு, நின்றவாக்கிலேயே சரிபார்க்கக்கூடிய சங்கதிகளில் மட்டும் கண்டிப்புக் காட்டுகிறார்கள்.

அசைன்மென்ட் விதிகளைப் பாருங்கள். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், இடப்பக்கம் ஒன்றரை அங்குல மார்ஜின், அதுவும் பென்சிலால், தலைப்புக்குக் கறுப்பு மை, மற்றதற்கு நீலம், கைப்பட எழுத வேண்டும், இருபது பக்கத்துக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்றைச் சரிபார்க்கவாவது ஒரு வாக்கியத்தைப் படிக்க வேண்டியிருக்கிறதா? தராசில் போட்டே முடித்துவிடலாம். எக்ஸ்டர்னலுக்கு 75, இன்டர்னலுக்கு 25 என்று பிரித்து, அந்த 25-இல் ஒரு துண்டை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்காகப் பிள்ளைகள் செய்வதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது சுத்தமான பொருளாதாரமாகப் படுகிறது. பக்கத்துக்குத்தான் மார்க் என்றால் பக்கத்தைத்தானே உற்பத்தி செய்வார்கள்? எழுத்து பருக்கிறது, இரண்டு வரிக்கு நடுவே மாட்டுவண்டி போகுமளவு இடம் விழுகிறது, ‘மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்’ என்று தொடங்கி, மேலே கூறியதே கீழேயும் வருகிறது.

அசைன்மென்ட்டாவது பரவாயில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்டில் நன்றியுரை என்று ஒன்று இருக்கிறது. மொத்த ஆய்வேட்டிலும் கைடு முழுசாகப் படிக்கிற பக்கம் அது ஒன்றுதான் என்பதால், அதற்கு மட்டும் பிள்ளைகள் உயிரைக் கொடுக்கிறார்கள். முதல் நன்றி இறைவனுக்கு. இரண்டாவது பெற்றோருக்கு என்று நினைத்தால் தப்பு. அது ‘இக்கல்லூரியில் பயில வாய்ப்பளித்த’ தலைவருக்கு. ஃபீஸ் கட்டிய அப்பா அப்போது பத்தாவது இடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பார். பிறகு செயலர், முதல்வர், துறைத்தலைவர். முதல்வருக்கும் துறைத்தலைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் இரண்டு வாக்கியமும் ஒரே நீளத்தில் அமைய வேண்டும். ஒருவருக்கு ‘உளமார்ந்த’ என்றால் மற்றவருக்கு ‘நெஞ்சார்ந்த’. அதன்பின் கைடு. ‘இடையறாத பணிகளுக்கு நடுவிலும் என் ஆய்வின் ஒவ்வோர் அடியிலும் உடனிருந்து நெறிப்படுத்திய’ என்று அவருக்கு நாலு வரி. அந்த நாலு வரியைத் திருத்துகிறவரும் அவரேதான். உலகத்தில் வேறு எந்தப் பாராட்டுப் பத்திரத்துக்கும் இந்த வசதி கிடையாது. ‘அன்பும் பண்பும்’ வந்திருக்கிறது, ‘அறிவும்’ விட்டுப்போச்சே என்று பென்சிலால் ஒரு சுழி போட்டுத் திருப்பி அனுப்பலாம். பிறகு துறையின் மற்ற ஆசிரியர்கள், பணிமூப்பு வரிசையில். இந்த வரிசை பிசகினால் வரும் விளைவுகளோடு பார்த்தால் ஆய்வு முடிவு தப்பாய்ப் போவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பிறகு வேண்டிய நூல்களை எடுத்துக்கொடுத்த நூலகர். வருஷம் பூரா பூட்டியே கிடந்த நூலகத்துக்கும் இந்த நன்றி உண்டு. பிறகு வினாநிரலை நிரப்பித் தந்த நல்லுள்ளங்கள், அதாவது ஹாஸ்டலில் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரே பேனாவால் நூறு பேராக மாறிய இரண்டு பேர். பிறகுதான் அப்பா, அம்மா. பிறகு தோள்கொடுத்த தோழர்கள். எல்லாம் முடிந்து, பக்கத்தின் அடியில், ‘செம்மையுறத் தட்டச்சு செய்து தந்த’ டிடிபி சென்டர் அண்ணன். இத்தனை பேரிலும் ஆய்வேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்; அவருக்கு ஒரு வரி. போதாக்குறைக்கு இந்த நன்றியுரையை ஆக்கிக்கொடுத்ததும் அவரே, போன வருஷப் பையனின் ஃபைலைத் திறந்து பெயரை மாற்றி. சில சமயம் பெயர் மாறியிருக்கும், கல்லூரி மாறியிருக்காது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். எந்த ஊர் ஏடு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால், சந்தேகப்படுகிறவன் தேடிப் போய்ப் பார்க்கலாம். நன்றிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. இங்கே அது சம்பளமில்லாமல் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று நானாவது பார்க்க வேண்டும் அல்லவா? ‘சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை - ஓர் ஆய்வு’ என்ற வகைத் தலைப்பு இந்தப் பக்கம் வற்றாத ஊற்று. கண்டறிந்தவை: பதிலளித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள், பெரும்பான்மையோர் திருமணமானவர்கள். பரிந்துரை: அரசு ஆவன செய்ய வேண்டும். இந்த ஊரில் சில தெருக்களில் நடந்தாலே தறிச்சத்தம் காதைப் பிடுங்கும். 2023-இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது. அந்த 250 யூனிட்டின் பலன் கூலிக்கு நெய்கிறவர் கைவரை வந்ததா, தறி வைத்திருப்பவரோடு நின்றதா, பாவும் நூலும் கொடுத்துச் சேலையாய் வாங்கிப்போகிறவர் விலையில் கழித்துக்கொண்டாரா? இந்த ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினால் பிள்ளை பத்துத் தறி ஏறி இறங்கி இரண்டு பக்கத்தில் பதில் கொண்டுவரும். இரண்டு பக்கம்! பைண்டிங் போடக் காணாது.

வடிவ ஒழுங்கு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். எடுத்தது எங்கே என்று சொல்லாதவன் ஆய்வாளன் இல்லை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் கொண்டுவந்த விதிப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம்வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள்வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் வராது. நல்ல விதி. ஆனால் இங்கேயும் அளவுகோலை மிஷின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடில் உள்ள மூலத்தோடு அது ஒட்டவே ஒட்டாது. இப்படி ஒரு புத்தகத்தையே அள்ளிப் போட்டாலும் மிஷின் தூய்மைச் சான்று கொடுக்கும். கைப்பட எழுதச் சொல்வது செயற்கை நுண்ணறிவைத் தடுக்கத்தான் என்பது அடுத்த வாதம். செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான். அந்த வழியில் தலை எங்கே வருகிறது?

ஒரு வகுப்பில் அறுபது பேர், வாத்தியாருக்கு நாலு வகுப்பு, எப்படிப் படிப்பார் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதிலும் மாதக் கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் போய் இதைச் சொல்ல எனக்கும் வாய் வராது. அதனால்தான் இருபது பக்கம் கேட்காதீர்கள் என்கிறேன். படிக்க முடியாத ஒருவர், எழுத முடியாத ஒருவரிடம், இருவருக்கும் வேண்டாத ஒன்றை எதற்காகக் கேட்க வேண்டும்? நன்னூல் ஆசிரியராகத் தகாதவர்களுக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்று நாலு உவமை சொல்கிறது. அதை எழுதிய பவணந்தியார் காலத்தில் ஸ்பைரல் பைண்டிங் இருந்திருந்தால் ஐந்தாவதும் வந்திருக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டம் வாங்குகிற பல்கலைக்கழகம் 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் தொடங்கப்பட்டது. அவரோ திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 42 வயதுதான் வாழ்ந்தார். லிட்டன் பிரபுவின் கதையொன்றை எடுத்துக்கொண்டு 1891-இல் ஒரு தமிழ் நாடகத்தையே எழுப்பியவர். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவர் அல்லர் என்று கல்வெட்டையும் இலக்கியத்தையும் வைத்து வாதாடியவர். கேள்வி ஒன்று, சான்று கையில், அவ்வளவுதான் அந்த ஆய்வு. இன்னும் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்டுக்கொண்டு கோமதி அம்மனிடம் வந்தது நம் ஊர்த் தலபுராணம். அம்மன் இருபது பக்கம் எழுதிவரச் சொல்லவில்லை. மாணவர்கள் கேட்ட கேள்விக்குக் கைடே போய்த் தபசு நின்ற ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதற்கு ஆண்டுதோறும் ஆடியில் திருவிழாவும் எடுக்கிறோம்.

வைவா நாளன்று வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். காலிகோ அட்டையைத் தடவிப் பார்ப்பார், நன்றியுரையை ஒரு பார்வை பார்ப்பார், “இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீங்க?” என்பார். “சார்தான் கொடுத்தாங்க” என்று பதில் வரும். மிக்சரும் டீயும் வரும். அதற்குப் பிறகு அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, உண்மையான அக்கறையோடு, இந்த ஊர்ப் பிரியாணி எத்தனை மணிக்குள் போனால் கிடைக்கும் என்று கேட்பார். அதற்குப் பிள்ளைகள் எந்தக் கடை, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு அண்டா காலியாகும், பஸ்ஸுக்கு முன்னால் சாப்பிட்டு முடிக்க நேரம் காணுமா என்று சான்றோடும் சொந்த நடையிலும் மணிமணியாய்ப் பதில் சொல்வார்கள். அவரும் குறித்துக்கொள்வார்.