றிச்மண்ட் ஹில்லின் பெரிய கமரா

கனடாவில் ஆகப் பெரிய கமரா எங்கே என்று கேட்டால் நம்மாட்கள் ஏதாவதொரு கலியாண மண்டபத்தைக் காட்டுவார்கள். ட்ரோனும் கிரேனும் அங்கேதானே சுற்றுகின்றன! உண்மையில் அது றிச்மண்ட் ஹில்லில், டேவிட் டன்லப் வானாய்வகத்துக் கூண்டுக்குள் நிற்கிறது. ஊர் வைத்த பெயர் தொலைநோக்கி. பார்த்த தொழில் படம் பிடிப்பது. 74 அங்குல ஆடி. திறந்தபோது உலகத்திலேயே இரண்டாவது பெரியது.

சூத்திரதாரி பேராசிரியர் கிளாரன்ஸ் சாண்ட். 1921இல் அவர் வால்வெள்ளி பற்றிப் பேசிய கூட்டத்துக்கு, சுரங்கத்தில் காசு பார்த்த வக்கீல் டன்லப் வந்திருந்தார். 1924இல் டன்லப் காலமானார். பேராசிரியர் விடுவாரா? கணவருக்கு நினைவுச்சின்னமாக ஒரு வானாய்வகம் கட்டினால் என்ன என்று மனைவி ஜெசியிடம் கதையைப் போட்டார். அம்மா காசை அவிழ்த்தார். திறப்பு விழா 1935 மே 31. தற்செயலாக அன்றுதான் சாண்டுக்கு 70ஆவது பிறந்தநாளாம். நம்புவோம்.

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது 1850இலேயே தொடங்கிவிட்டது. ஹார்வர்டில் வேகா நட்சத்திரத்துக்கு 100 செக்கன் போஸ். மங்கலான நட்சத்திரங்களுக்கு அது காணாது. நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். பிலிம் வளையும் என்பதால் கண்ணாடித் தட்டு. சூடான காற்று படத்தை ஆட்டும் என்பதால் கூண்டுக்குள் ஹீற்றர் கிடையாது. கனடிய மாரி இரவில், கூரையைத் திறந்துவிட்டு நட்சத்திரம் நழுவாமல் காவல் இருப்பதுதான் அன்று வேலை.

இந்த வேலையில் கெட்டிக்காரி ஹெலன் சோயர் ஹொக். முன்பு விக்டோரியா வானாய்வகத்தில் கணவருக்கு உத்தியோகம், இவருக்குச் சம்பளமில்லாத உதவியாளர் பதவி. கூடைக்குள் கைக்குழந்தை உறங்க, இவர் இரவிரவாகப் படம் எடுத்தார். பார்த்து மனம் இளகிய இயக்குநர் 200 டொலர் ஒதுக்கினார், பிள்ளை பார்க்க ஆள் வைப்பதற்கு. ஆயாவுக்குச் சம்பளம், அறிஞருக்கு நாமம்! றிச்மண்ட் ஹில்லுக்கு வந்தபின் 1939இல், கோளகக் கொத்து எனப்படும் நட்சத்திரக் கூட்டங்களில் ஒளி மாறும் நட்சத்திரங்கள் 1116க்குப் பட்டியல் போட்டு உலகத்தின் வாயை அடைத்தார்.

1971இல் இதே கமராவில் வானியலாளர் ரொம் போல்ட்டனுக்கு வாய்த்ததோ படத்தில் விழாத ஆள். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற இடத்தில் ஒரு நட்சத்திரம் 5.6 நாளுக்கொருமுறை எதையோ சுற்றி வந்தது. கலியாண அல்பத்தில் பெண் அக்கினியை வலம் வருகிறாள், மாப்பிள்ளையைக் காணவில்லை என்கிற மாதிரி. மாப்பிள்ளை கருந்துளை என்று கண்டுபிடித்தார்.

அந்தக் கமராவையே ஒருவரால்தான் மடக்க முடிந்தது: நாங்கள். வயல்வெளியில் வீடு கட்டி, வீட்டுக்கு வீடு விளக்குப் போட்டு வானத்தை வெளுப்பாக்கினோம். 2008இல் வானாய்வகத்தை நடத்திய பல்கலைக்கழகம் காணியை விற்றுவிட்டது. வானாய்வகம் இன்று நகரசபையின் சொத்து, பொதுமக்களுக்கும் திறக்கிறார்கள். பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். தயவுசெய்து பிளாஷ் மட்டும் அடிக்காதீர்கள். அந்த வெளிச்சம் கோளகக் கொத்துக்குப் போய்ச் சேரப் பல்லாயிரம் வருசம் ஆகும்.