சூசையப்பரும் என் கோடு போட்ட நோட்டும்

சாம்பல் புதன் அன்று, நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தவக்காலத்துக்கு ஊரெல்லாம் கறியை விடும். நான் கோபத்தை விடுவதாக முடிவு. முதல் வரி: ‘பொறுமை – காலை 6 முதல் இரவு 10 வரை.’ பத்துக்கு மேல் தூங்கிவிடுவேன். தூங்கும்போது நான் பொறுமைசாலி என்பதை என் மனைவியே ஒப்புக்கொள்வாள், குறட்டை நீங்கலாக.

மார்ச் 19 சூசையப்பர் திருநாள். அன்று குடும்பத்தோடு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போவதும் அதே நோட்டில்தான், பச்சை மையில். 5.10 எழுந்திருத்தல். 5.55 பேருந்து நிலையம். தாமதத்துக்கும் தனிக் கட்டம் போட்டு 15 நிமிஷம் ஒதுக்கியிருந்தேன்.

பெரம்பலூர்க்காரன் பொறுமையை நோட்டுப் போட்டுப் பழக வேண்டியதில்லைதான். 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்து மாவட்டமானோம். 2001-இல் அரியலூர் எங்களிடமிருந்து பிரிந்தது, 2002-இல் திரும்பி வந்தது, 2007-இல் மறுபடி போனது. அரியலூர்ப் பக்கம் பெண் எடுத்த நான், இருந்த இடத்தில் இருந்தபடியே வெளிமாவட்ட மாப்பிள்ளையாகவும் உள்மாவட்ட மாப்பிள்ளையாகவும் மாறி மாறி ஆனேன். மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ரயில் ஏற அரியலூருக்குத்தான் போக வேண்டும்.

பொறுமையின் உச்சம் செட்டிகுளம் பக்கம் இருந்த என் சித்தப்பா. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார். ஒரு வருஷம் “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்று அந்தப் பக்கமே போகவில்லை. பிரித்துப் பார்த்தால் பாதி முளைத்திருந்தது, பாதி கிட்டப் போக முடியவில்லை. பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: “விலையை ஆண்டவர் பாத்துக்குவாருடா. பட்டறையை யாரு பாக்குறது?”

நான் சித்தப்பா கட்சி இல்லை. அதனால்தான் நோட்டு.

மார்ச் 19 காலை 5.55-க்கு அம்மா மாதாவுக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். என் மனைவி தயிர்சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிஷத் தாமதக் கட்டம் வாசற்படியிலேயே தீர்ந்தது. அரியலூரை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. அந்தப் பூமி ஒரு காலத்தில் கடல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அவ்வளவு பொறுத்த கல்லை ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்கு ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லை, ஹாரன் அடிக்கிறது. நானும் அடித்தேன், வாயால். டிரைவர், அம்மாவின் பூ, தாளிப்பு, யாரையும் விடவில்லை.

“அப்பா, மணி எட்டுதான் ஆகுது. ராத்திரி பத்து வரைக்கும் பொறுமைன்னு எழுதியிருக்கீங்க” என்றாள் மகள். நோட்டு அவள் மடியில் இருந்தது.

ஏலாக்குறிச்சியில் இறங்கியபோது பூசை முடிந்திருந்தது. “மாதா எங்கயும் போயிடலடா” என்று அம்மா நிதானமாகப் பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் நிழலில் உட்கார்ந்து வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கிதான் அவர். கொள்ளிடக் கரைப் பக்கத்து இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்துக் கலம்பகமே பாடியவர். சூசையப்பருக்கும் வளன் என்று தமிழ்ப் பேர் வைத்து, அவரைத் தலைவனாக்கித் தேம்பாவணி பாடினார். 3,615 பாட்டு! நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அப்படி வாயே திறக்காதவரைப் பற்றித்தான் இவ்வளவு.

அந்த வளனும் திட்டம் போட்டவர்தான். மரியாளைச் சத்தமில்லாமல் விலக்கிவிடலாம் என்று யோசித்துவிட்டுப் படுக்கிறார். கனவில் சம்மனசு வந்து மாற்றுகிறது. அப்புறம் எகிப்துக்குப் போ என்கிறது, திரும்பி வா என்கிறது, கலிலேயாவுக்குப் போ என்கிறது. எல்லாமே கனவில்தான். மனுஷன் ஒரு தடவைகூட “இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

இவ்வளவு பொறுமையைப் பாடிய அதே கைதான் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. ஆறு விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பான். சுர்ரென்றதும் ஓடி வருவான். ஆறு தூங்கட்டும் என்று கரையில் காத்திருப்பார்கள். அதுவும் பொறுமைதான், திட்டத்தோடுகூட. என் சித்தப்பாவை வீரமாமுனிவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தக் கொள்ளிக்கட்டை என் நோட்டுமாதிரியே இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் தூங்கும் சூசையப்பர் சிலை ஒன்றை மேசையில் வைத்திருந்தார். கவலை வந்தால் சீட்டில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவாராம். 2015-இல் மணிலாவில் அவரே சொன்னது. எங்கள் வீட்டில் அப்படிச் சிலை இல்லை. அன்று ராத்திரி நோட்டை என் தலையணைக்கு அடியிலேயே வைத்துப் படுத்தேன்.

பதினொன்று. பன்னிரண்டேகால். ஒன்றரை.

“ஏங்க, போனை எடுத்து எடுத்து என்னத்தைப் பாக்குறீங்க?”

“மணி பாக்குறேன். இன்னும் கனவே வரல.”

“முதல்ல தூங்குங்க” என்று அவள் திரும்பிப் படுத்தாள். “நீங்க முழிச்சிருக்கீங்கன்னு சம்மனசு வாசல்லயே நிக்குதோ என்னவோ.”