வாலி எந்த மேசையில்?

பிரிட்டனின் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987இல் படப்புத்தகக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்த ஆள் வாலி. (ராமாயணத்தில் மறைந்து நின்றது ராமன்.) சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியன்தான் துப்பு. கோடு போட்ட பனியன் கட்டுக்கட்டாக வண்டியேறும் திருப்பூரில் இந்தத் துப்பை வைத்து யாரைப் பிடிப்பது?

பகல் முழுக்க பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் என்று தேடிக் களைத்த அம்மாவிடம், ராத்திரி "கண்டுபிடிம்மா" என்று பிள்ளை நீட்டும் புத்தகம் ஓவர்டைம், சம்பளமும் கிடையாது.

மூன்று வயசுக்கு வாலி கூட்டம் தாங்காது. பக்கத்துக்கு நாலைந்து பெரிய உருவங்கள் போதும். சென்னை துலிகா வெளியிட்ட மஞ்சுளா பத்மநாபனின் 'ஐ ஆம் டிஃபரண்ட்' புத்தகத்தில், ஒரே மாதிரி உருவங்களுக்கு நடுவே மாறுபட்டதைத் தேட வேண்டும்; தேடச் சொல்லும் கேள்வி 16 மொழிகளில். கம்பெனியில் அப்படி மாறுபட்ட பீஸ் நேராக ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும்.

அப்பாக்கள் பின்னட்டையைத் திருப்பி முதலில் கண்டுபிடிப்பது ரேட்டை.