விலை பேசலாம், மாமா வேண்டாம்

சென்னைப் புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைக்குக் கடை வாங்கிக் கொடுத்த டீ வயிற்றைப் புரட்டுகிறது. கேட்ட சாமான் மட்டும் கைக்கு வரவில்லை.

அப்படி என்ன பெரிய சாமான் கேட்டுவிட்டேன்? என்னிடம் இருப்பது 1978 மாடல் அம்பாசிடர், மார்க் 3. அதன் பெட்ரோல் மீட்டர் முள் காலிப் பக்கத்தில் படுத்துவிட்டது. டேங்க்கை வழிய வழிய நிரப்பினாலும் எழுந்திருப்பதில்லை. மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாயிற்று. எல்லோரும்தான் தட்டுகிறோம்; தட்டி எழுந்த முள்ளை இதுவரை யாராவது பார்த்திருக்கிறோமா?

மெக்கானிக் கெட்டிக்காரர். டேங்க் பக்கம் வரும் வயரைக் கழற்றி, அதன் நுனியை ஒரு நொடி பாடியில் தொட்டு எர்த் கொடுத்தார். முள் சோம்பலாக எழுந்து ‘ஃபுல்’லை நோக்கி நடந்தது. “மீட்டர் ஓகே சார், வயரும் ஓகே. டேங்க் யூனிட்தான் போச்சு.” கழற்றிக் கையில் கொடுத்தார். ஒரு கம்பி, அதன் நுனியில் பித்தளை ஃப்ளோட். காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் களக் களக் என்றது. ஒட்டுப்போட்ட இடத்தில் மயிரிழை விரிசல். மிதக்க வேண்டியது டேங்க்கின் அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. போதாததற்கு, கம்பியோடு சேர்ந்து நகரும் தகடு இத்தனை வருடம் உரசி உரசி, தலைமுடி கனத்தில் இருக்கும் கம்பிச் சுருளைப் பாதியில் அறுத்துவிட்டது. ஃப்ளோட்டுக்கு ஈயம் வைக்கலாம். சுருளுக்கு என்ன வைப்பது?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் மாமாக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

“அம்பாசிடர் டேங்க் யூனிட்” என்று நான் வாயைத் திறந்ததுமே முதல் கடைக்காரர் முகம் மலர்ந்தது. கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். ஆஹா, சரக்கு இருக்கிறது என்று நான் பர்ஸைத் தொட்டேன்.

“அம்பாசிடரா சார்? எங்க மாமா ஒண்ணு வச்சிருந்தாரு.”

இதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும். மாமாவின் வண்டி வெள்ளை. மாமாக்களின் அம்பாசிடர் வெள்ளையாகத்தான் இருக்கும். அதில் திருப்பதிக்குப் போனார்கள், பன்னிரண்டு பேர். பக்கத்துக் கடைக்காரருக்கு இது காதில் விழுந்துவிட்டது. அவருடைய மாமா பதினாலு பேரோடு பழனிக்குப் போனவர். எதிர்க்கடைக்காரரின் சித்தப்பா குருவாயூர், பதினாறு பேர், டிக்கியில் வெட்கிரைண்டர் வேறு. தலம் தூரமாக ஆக ஆட்களும் கூடுகிறார்கள். காசிக்குப் போன மாமா ஒருவர் அகப்பட்டால் ஊரில் பாதியை ஏற்றியிருப்பார். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததால் முன்சீட்டு முழு பெஞ்சு. நடுவில் தாராளமாக ஒரு அத்தை உட்காரலாம். அத்தை மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைதான் இப்போது வளர்ந்து, மீசை வைத்து, கல்லாவில் உட்கார்ந்து, “யூனிட் இல்ல சார்” என்கிறது.

கதையில் வண்டி வழியில் நிற்கும். எல்லாக் கதையிலும் நிற்கும், அதுவும் ராத்திரியில், மலை ஏறும்போது. மாமா பதறமாட்டார். இறங்குவார், பானெட்டைத் திறப்பார், சுத்தியலால் ஒரே தட்டு. வண்டி புறப்பட்டுவிடும். “இந்தக் காலத்து வண்டிய அப்படித் தட்ட முடியுமா சார்?” எதைத் தட்டினார் என்று கேட்டேன். எந்த மருமகனுக்கும் தெரியவில்லை.

இது புதுப்பேட்டையோடு நிற்கிற வியாதியும் கிடையாது. போன மாதம் முள்ளை நம்ப முடியாமல், மனக்கணக்கை நம்பி, அண்ணா சாலை நடுவில் பெட்ரோல் தீர்ந்து நின்றேன். போலீஸ்காரர் வேகமாக வந்தார். ஃபைன் என்று நினைத்தால், பெரியப்பா. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பார்த்தால் அவருக்கும் ஒரு மாமா, விழுப்புரத்தில். இரண்டு பேரும் பானெட்டைத் தடவித் தடவிப் பேசினார்கள். தள்ள ஒரு கை வரவில்லை. பங்க் பையன் ஒருவன் நாசிலைச் சொருகிவிட்டு, “எங்க தாத்தா ஒண்ணு வச்சிருந்தாராம் அங்கிள்” என்றான். மாமா தாத்தாவாகிவிட்டார். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. என் முள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கதையின் கடைசி வரியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “அப்புறம் வித்துட்டாரு சார்.” ஏன் விற்றார்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அத்தனை மாமாக்களும் பதினாறு பேரை இறக்கிவிட்டு அதில் ஏறிக்கொண்டார்கள். வண்டி மேல் அவ்வளவு உருகியவர்கள் ஒரு டேங்க் யூனிட்டையாவது கழற்றி வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது நாடே கண்ணீர் விட்டது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியான பேஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். பெயருக்கு 80 கோடி! எனக்குப் பெயர் வேண்டாம், அது பானெட்டிலேயே இருக்கிறது. ஒரு ஃப்ளோட்டும் கொஞ்சம் கம்பியும் போதும்.

ஒரு கடையில் மட்டும் மாமா இல்லை. அங்கே வேறு ஆபத்து. ஏதோ ஒரு வெளிநாட்டு ஜீப்பின் யூனிட்டை எடுத்து வைத்து, “இதப் போடுங்க சார், எல்லாம் ஒண்ணுதான்” என்றார். எப்படி ஒன்றாகும்? நம் அம்பாசிடருக்குத் தாய்வீடு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பிரிட்டிஷ் ஜாதி. அந்த ஜாதி யூனிட்டில் டேங்க் காலியானால் சுமார் 240 ஓம், நிரம்பினால் 20 ஓம் அளவுக்கு இறங்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் தலைகீழ்: காலியென்றால் பூஜ்யம், நிரம்பினால் 90. அந்த மாதிரி யூனிட்டைக் கொண்டுவந்து இதில் மாட்டினால் பெட்ரோல் எரிய எரிய முள் ஏறும். சென்னையில் பாதி டேங்க்காகப் புறப்பட்டு, போகப் போக நிரம்பி, உளுந்தூர்ப்பேட்டையில் ‘ஃபுல்’ காட்டிக்கொண்டே வண்டி நின்றுவிடும். இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “உங்களுக்கு என்ன சார், முள்ளு ஆடணும், அவ்ளோதானே?” என்றார்.

பழைய வண்டி ஊர்வலத்தில் பரிசு வாங்கிய ஒருவரைப் பிடித்தேன். வண்டி பளபளவென்று இருந்தது, குரோமியத்தில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். பெட்ரோல் மீட்டர் எப்படி என்றேன். “அது எதுக்கு சார்? பீச்லேருந்து பீச்சுக்குத்தானே ஓட்டறோம்” என்றார். இவர்களுக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். மழையிலும் வெயிலிலும் கறிகாய் வாங்க அதே வண்டியை எடுத்துக்கொண்டு போகிற என்னைப் பார்த்தால், “இன்னுமா வச்சிருக்கீங்க?” என்கிறார்கள். என் மனைவி தினமும் கேட்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு, தள்ளியிருக்கிறாள்.

சுருளுக்கு ஒரு வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? மாமாக்கள் ஏறிக்கொண்டதில் அதற்கு இடமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ, ஷெட்டிலோ, பழைய பிஸ்கட் டின்னிலோ அம்பாசிடர் டேங்க் யூனிட் ஒன்று கிடந்தால் எடுத்து வையுங்கள். நேரில் வருகிறேன், கேட்ட விலை தருகிறேன், டீகூட வேண்டாம். மாமா எந்த ஊருக்கு எத்தனை பேரோடு போனார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.