சித்தப்பாவுக்கு, இன்ஜின் இறக்கியது சம்பந்தமாக

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்,
ஜூலை 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். வண்டியும் நலம். அங்கே சித்தியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நீங்கள் கேட்டீர்கள்: "ஏங்கண்ணு, ஆஸ்பத்திரியில ஊசி போடற வேலைன்னுதானே போனே? இன்ஜின் இறக்கிட்டிருக்கேங்கறே?" பதில் சொல்வதற்குள் உங்கள் பட்டறையில் யாரோ கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். பட்டறைப் பையன்களைப் படிக்கச் சொன்னால் ரிங் கேப் அளவு வரும் இடத்தில் புள்ளியை முழுங்கிவிடுவார்கள்.

முதலில் ஊர். ஆஸ்திரேலியா வரைபடத்தின் நட்ட நடுவில் விரலை வைத்தால் ஏறக்குறைய எங்கள் வீட்டு வாசல்தான். தெற்கே அடிலெய்டு 1500 கிலோமீட்டர், வடக்கே டார்வின் 1500 கிலோமீட்டர். ஊருக்குள் டாட் என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான். அந்த மணலில் 1962-லிருந்து படகுப் போட்டி நடத்துகிறார்கள், சித்தப்பா. அடிப்பலகை இல்லாத படகுக்குள் நின்றுகொண்டு, படகைக் கையில் தூக்கிப் பிடித்து ஓடுவார்கள். 1993-ல் ஆற்றில் தண்ணீர் வந்து தொலைத்ததால் போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். இந்த ஊரில் ஒரு நர்ஸ் இன்ஜின் இறக்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வண்டி சுசுகி சியரா. உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நம் நாட்டில் 1985-ல் மாருதி ஜிப்ஸி என்று வந்து, 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங் ஆனதே, அதன் உடன்பிறப்பு. அதே அலுமினிய பிளாக், உள்ளே இரும்பு ஸ்லீவ், 74 மில்லிமீட்டர் போர். வெல்லிங்டன் பக்கம் ஏலத்தில் எடுத்த ஜிப்ஸிகள் மேட்டுப்பாளையத்தில் உங்கள் பட்டறை வாசலில் மூக்கைத் திறந்துகொண்டு நின்றதும், நான் பள்ளிக்கூட லீவில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு கொடுத்துத் திட்டு வாங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாங்கியபோதே லேசாக நீலப் புகை தள்ளியது. விற்றவர், "குளிருக்கு அப்படித்தான்" என்றார். கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் வெயில் அடித்தபோதும் அந்தக் குளிர் போகவில்லை. கடைசியில் பங்கில் நிறுத்தினால் பெட்ரோலைக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு ஆயிலை ஃபுல் பண்ண வேண்டிய நிலைமை. கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் சோர்ந்திருந்தன. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தால் முள் விறுவிறுவென்று ஏறியது. வால்வு பக்கம் கோளாறென்றால் ஆயில் விட்டு ஒன்றும் ஏறாது என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். ரிங் போச்சு.

டவுனில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். இந்த நாட்டில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி 150 டாலரைத் தாண்டுவது சகஜம். அந்த மனிதர் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்துக்கு இன்னொரு சியரா வாங்கி, மிச்சத்தில் விமானம் ஏறி வந்து உங்களிடம் யோசனையும் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஏதாவது குறையுமா என்று கேட்க நாக்கு துடித்தது. டீ குடிக்கிற நேரத்தையும் பில்லில் சேர்ப்பார் என்று தோன்றவே வந்துவிட்டேன்.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆயுசு முழுக்க மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணை என்றதும் நம் தோட்டங்காட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள், இங்கே சில பண்ணைகள் நம் தாலுகாவைவிடப் பெரிசு. வண்டி நின்றால் மெக்கானிக் வந்து சேர்வதற்குள் சினை மாடு கன்று போட்டுவிடும். ஆகவே பண்ணையாட்கள் எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரியும். அவர் வீட்டு ஷெட்டில் செயின் பிளாக் உத்தரத்திலேயே நிரந்தரமாகத் தொங்குகிறது. ஜூலை ராத்திரிகளில் இங்கே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். மனிதர் அரை டிராயரோடு நிற்பார், நான் ரெண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்குவேன். பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், சரியில்லை என்றால் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஏர் ஃபில்டர் புத்தம்புதிசு. ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் நீளமாக வெடிப்பு. இங்கத்து மண் ரோட்டுக் குழிகளில் சிவப்பாக ஒரு புழுதி தேங்கிக் கிடக்கும், கோலமாவைவிட மெல்லிசு. சக்கரம் இறங்கினால் வண்டியையே மூடிவிடும். அதில் சிலிக்கா, இரும்பைத் தின்கிற சாதி. அது ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் உள்ளே போய், ஆயிலோடு குழைந்து, வருஷக்கணக்காகச் சிலிண்டருக்கு உப்புத்தாள் தேய்த்திருக்கிறது. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டுகிற வரப்பு. பழைய டாப் ரிங்கைப் போருக்குள் வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வாயைப் பிளந்தது.

ஹோனிங் மட்டும் போட்டுப் புது ரிங் அடித்துவிடலாமா என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. பெரியவர் அங்கேயே நின்றார். சரி என்று அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் செட் வரவழைத்தேன், நம் பட்டறை பாஷையில் ஐம்பது சைஸ். பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே அடிலெய்டு லேத் கடைக்கு அனுப்பினேன். பிஸ்டனைக் கையில் வாங்கி அளக்காமல் போர் போடுகிறவன் அளவெடுக்காமல் சட்டை தைக்கிறவன் என்பீர்களே, அந்தக் கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். பிளாக் போனது ரோட் டிரெயினில். ஒரு லாரிக்குப் பின்னால் மூன்று டிரெய்லர், 53.5 மீட்டர் நீளம் வரை சட்டப்படி ஓட்டலாம். அதை ஓவர்டேக் பண்ணுகிறபோது குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தால் கோவில் திருவிழா முடிகிற வரை நேரம் இருக்கும்.

திரும்பி வந்த பிளாக்கின் சுவரில் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்கள், எவ்வளவு அழகு! அந்தக் கீறலில்தான் ஆயில் தங்கும். ஆனால் ஹோனிங் கல்லின் தூளும் அதில்தான் ஒளிந்திருக்கும், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் போகாது. துணி துவைக்கும் தொட்டியில் பிளாக்கை உட்கார வைத்து, சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, பிரஷ்ஷால் தேய் தேயென்று தேய்த்தேன். வெள்ளைத் துணியைப் போருக்குள் விட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். சாம்பல் பூத்தால் மறுபடி கழுவு. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவனுக்கு இது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. காய்ந்த உடனே ஆயில் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் கண் எதிரே துரு ஏறுகிறது.

இந்த இடத்தில் உங்கள் மருமகள் குங்குமச் சிமிழோடு வந்தாள். புது பிஸ்டனுக்குப் பொட்டு வைக்காமல் உள்ளே இறக்கக் கூடாதாம். குங்குமமும் ஒரு தூள்தான் அம்மா, அதற்கு ரிங் இடம் கொடுக்காது என்று கெஞ்சினேன். கடைசியில் டைமிங் கவருக்கு வெளியே வைப்பதாக ராஜி ஆனது. பெரியவர் அந்தச் சிவப்புப் புள்ளியைக் குனிந்து பார்த்துவிட்டு, அங்கிருந்த போல்ட்டை ஏற்கெனவே முடுக்கியாகிவிட்டது என்பதற்கான அடையாளம் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இனி ரிங். நீங்கள் ரிங்கைச் சிலிண்டருக்குள் போட்டு, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சமமாகத் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பீர்கள். "செரியா இருக்குது கண்ணு" என்பீர்கள். எனக்கு அந்தக் கண் இல்லாததால் ஃபீலர் கேஜும் புத்தகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அங்குலப் போருக்கு நாலு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, இடைவெளி என்பது எல்லோரும் பிடிக்கிற கணக்கு. நம்முடையது 74.5 மில்லிமீட்டர், மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 0.30 மில்லிமீட்டர் கிட்டத்தில் வருகிறது. ஏன் அவ்வளவு என்று நானே போட்டுப் பார்த்தேன். ரிங்கின் சுற்றளவு 234 மில்லிமீட்டர். ரிங் தன்னைச் சுற்றியுள்ள சுவரைவிட நூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளும். இடம் விடாமல் போட்டால் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு, ரிங் சுவரைக் கடித்து, உடைந்தும் போகும். உங்கள் ஒற்றைக் கண்ணும் அந்தப் புத்தகமும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு ரிங் இறுக்கமாக வந்தன. அரத்தைப் பிடித்து ஒரே முனையில், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் தேய்த்தேன். எதிர்த்திசையில் இழுத்தால் மேல்பூச்சு பெயர்ந்துவிடும். தேய்க்க வேண்டியது தூசியளவு. இரண்டு இழுப்பு, துடைப்பு, போருக்குள் வைப்பு, கேஜை விட்டுப் பார்ப்பு, மறுபடி வெளியே. நைட் டியூட்டி முடித்து வந்து இதைச் செய்வதுபோல் மனதுக்கு ஆறுதல் வேறு இல்லை. எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று காகிதத்தில் எழுதி டைனிங் டேபிளில் வரிசையாக வைத்திருந்தேன். சாம்பாரை அந்தப் பக்கம் நகர்த்திய யாரும் வீட்டில் மன்னிக்கப்படவில்லை.

கண்ணும் கண்ணாடியும் கேஜும் எல்லாம் வைத்து அளவெடுக்கிற இந்த ரிங்கை 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில்வே இன்ஜினியர் நடைமுறைக்குக் கொண்டுவந்தாராம். அதற்கு முன் நீராவி இன்ஜின் பிஸ்டனைச் சுற்றிச் சணல் கயிறு திணித்து ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வெட்டிய இரும்பு வளையம், தன் விறைப்பிலேயே சுவரை ஒட்டி நிற்கும். நூற்றெழுபது வருஷமாக அதற்கு மேல் ஒருவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாட்டும்போது அடியிலிருந்து மேலே. ஆயில் ரிங்கின் நெளிநெளி ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும், ஏறிக்கொண்டால் பழைய புகை மறுநாளே திரும்பிவிடும். அதற்கு மேலும் கீழும் மெல்லிய தகடு. பிறகு இரண்டாம் ரிங். அது ஆயிலை வழித்துக் கீழே தள்ளுகிறது, ரிங்கில் பொறித்த எழுத்து மேலே பார்க்காவிட்டால் ஆயிலை மேலே ஏற்றிக் கொடுக்கும். கடைசியில் டாப் ரிங். எல்லா வாயும் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றிப் பிரித்து வைத்தேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி கிராங்க் புல்லிப் பக்கம். கனெக்டிங் ராடு போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டைத் தொப்பி போட்டேன், கிராங்க்கில் கீறல் விழாமல் இருக்க.

ரிங் கம்ப்ரஸருக்கு நீங்கள் ஆயில் டின்னைக் கிழித்து ஹோஸ் கிளாம்ப் போடுவீர்கள். பெரியவர் ஷெட்டிலும் அதே டின், அதே கிளாம்ப்! கடையில் வாங்கிய பளபளப்பான கம்ப்ரஸரை நான் சத்தம் போடாமல் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரக்கைப்பிடியால் தட்டத் தட்ட, ஒவ்வொரு ரிங்கும் உள்ளே நழுவுகிற சின்னச் சின்ன 'டக்' கேட்கும். மூன்றாம் சிலிண்டரில் தட்டிய தட்டு வேறு மாதிரிக் கேட்டது. பெரியவர் கையைப் பிடித்தார். வெளியே எடுத்தோம், ஆயில் ரிங் தகடு டின்னுக்கும் பிளாக்குக்கும் நடுவே எட்டிப் பார்த்திருந்தது. இன்னொரு தட்டு தட்டியிருந்தால் அடிலெய்டுக்கு மறுபடி கடுதாசி போட வேண்டி வந்திருக்கும்.

ஸ்டார்ட் ஆனது பெரிய கதை இல்லை, ஆயில் பிரஷர் வரும்வரை பிளக் இல்லாமல் சுற்றிவிட்டு மாட்டினேன், பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கும் பெரியவருக்கும் தகராறு. புது இன்ஜினைப் பூப்போல ஓட்ட வேண்டும் என்று நான். உடனே ரோட்டுக்குக் கொண்டுபோய் இழுக்க வை என்று அவர். விஷயம் அவர் பக்கம்தான். ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரியும் வாயு மேலிருந்து ரிங்கின் முதுகுப்புறம் புகுந்து சுவரோடு அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துப் படியும். ஐடிலில் கொஞ்சிக்கொண்டிருந்தால் சுவர் கண்ணாடியாகிவிடும், பிறகு ஆயுசுக்கும் ஆயில் தின்னும். ஆக, ஸ்டூவர்ட் ஹைவேயில் நாலாவது கியரில் 50-லிருந்து 80 வரை நன்றாக மிதித்து, காலை எடுத்து, தானாக வேகம் குறையவிட்டு, மறுபடி மிதித்து என்று போய் வந்தோம். அந்த ரோட்டில் 130 வரை போகலாம். எங்கள் பின்னால் வந்த எல்லோரும் எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்து கையசைத்துவிட்டுப் போனார்கள். புகை இல்லை, சித்தப்பா. துளிகூட இல்லை.

பழைய பிஸ்டன் ஒன்றை உங்கள் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் வகுப்பில் காட்டியிருக்கிறாள். "என் தாத்தா கண்டுபிடித்தது" என்று சொன்னாளாம். டீச்சர் உங்களைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்புவதாகக் குறிப்பு வந்திருக்கிறது. ஒரு போட்டோ அனுப்புங்கள், கிரீஸ் இல்லாத சட்டையோடு.

இரண்டு விஷயத்துக்குப் பதில் வேண்டும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்று என்கிறார் பெரியவர், 1000 போதும் என்கிறது புத்தகம். நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன். இன்னொன்று உங்கள் மருமகள் கேட்கச் சொன்னது: பிஸ்டன் ரிங்கைச் சாப்பாட்டு மேஜையில் காயப்போடும் வழக்கம் நம் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது, சித்தி அதற்கு என்ன செய்தார்கள்? சித்தியையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்