தட்டி ஓட்டுபவர்

காரின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிறீச்சென்ற ஓசை எழுந்ததும் அதை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி அடக்குபவரை மடத்துக்குளம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. தட்டினால் ஓசை நின்றுவிடுகிறது என்பதே அவருடைய சித்தாந்தத்தின் ஒரே ஆதாரம். அவருடன் பயணம் செய்வோரின் துயரத்துக்கும் அதுவே காரணம்.

ஓசை எழுப்புவது புளோயர் மோட்டார், அதாவது காற்றை இழுத்து ஏசியின் குளிர்ச்சுருள் வழியாகவோ ஹீட்டர் வழியாகவோ காருக்குள் தள்ளும், 12 வோல்ட்டில் இயங்கும் சிறு மின்மோட்டார். அதன் தண்டைத் தாங்கும் புஷ் எனப்படும் உலோக வளையம் எண்ணெய் வறண்டு தேயும்போது கிறீச்சிடுகிறது. விசிறிக்குள் இலையோ தென்னை நாரோ புகுந்துவிட்டால் கடகடக்கிறது. தட்டும்போது தண்டு மயிரிழை நகர்ந்து வேறு இடத்தில் அமர்வதால் சற்று நேரம் அமைதி நிலவுகிறது; அந்தச் சற்று நேரத்தையே அவர் பழுதுபார்த்தலாகக் கணக்கிடுகிறார்.

தட்டுவதற்கு அவர் ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறார். புளோயரின் முதல் வேகத்துக்கு இரண்டு விரல், இரண்டாவதற்கு மணிக்கட்டின் அடிப்பகுதி, நான்காவதற்கு முஷ்டி. வேகத்தடையில் வண்டி தானே குலுங்குவதால் அங்கே தட்டல் விலக்கு. தேங்காயைத் தட்டி முற்றலை அறியும் தோப்புக்காரரின் கவனத்தோடு காதைச் சாய்த்துக் கேட்டு, எந்த மூலையில் எத்தனை தட்டு என்று தீர்ப்பளிக்கிறார். இந்தியக் கார்களில் ஸ்டியரிங் வலப்புறமும் புளோயர் பெரும்பாலும் இடப்புறம் கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலும் இருப்பதால், ஓட்டும்போது அவர் கை அங்கே எளிதில் எட்டுவதில்லை. ஆகவே மரியாதைக்காக முன்னிருக்கையில் அமர்த்தப்படும் சம்பந்தியே அப்பணியை ஏற்க நேர்கிறது. "சம்பந்திங்க, அந்த மூலையில ஒரு தட்டுத் தட்டுங்க, அங்க இல்லீங்க, இன்னுங் கொஞ்சம் கீழ" என்ற ஆணை, பெண் கொடுத்த வீட்டார் மறுக்க முடியாத ஆணை.

பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றி, மின்னிணைப்புப் பிளக்கைப் பிடுங்கி, மூன்று திருகுகளை நீக்கினால் மோட்டார் விசிறியோடு கையில் இறங்கிவிடும். புதியதை அவ்வாறே பொருத்த ஏசி மெக்கானிக்குக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதைச் சொன்னால், "ஓடுற மோட்டாரை எதுக்குங்க மாத்தோணும்?" என்பார். இத்தனைக்கும் திருப்பூரில் அவர் நடத்தும் நிட்டிங் கம்பெனியில் ஓர் ஊசி வளைந்து துணியில் கோடு விழுந்தால், மிஷினை அந்தக் கணமே நிறுத்தி ஊசியை மாற்றாத ஆப்பரேட்டர் அன்று வீட்டுக்கு நிம்மதியாகப் போக முடியாது.

கெட்ட மனிதர் அல்லர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்வோருக்கு அதே காரின் டிக்கி நிறைய மோர்க்கேனை ஏற்றிப்போய் வெயிலில் நின்று ஊற்றிக் கொடுப்பவரும் அவரே.

ஆயினும் உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும்போது இந்தத் தட்டல் சிரிக்கத்தக்க செய்தியாக இருப்பதில்லை. குளிரிலும் மழையிலும் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஈரத்தைக் கலைப்பது புளோயர் தள்ளும் காற்றுதான். தேய்ந்த புஷ்ஷில் தண்டு இறுகிவிட்டால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரையோ பிளக்கையோ கருக்கிவிடும். அப்போது எத்தனை தட்டினாலும் காற்று வராது, வளைவில் எதிரே வருவது பஸ்ஸா யானையா என்றும் தெரியாது. சம்பந்தி ஒரு கையால் தட்டிக்கொண்டும் மறு கையால் துண்டை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் மலையேறுவது எவ்வகையிலும் நியாயமன்று. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலைக்காக ஐந்து உயிர்களைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஊர் திரும்பிய பிறகு காரைப் பட்டறைக்கு அனுப்பவும் செய்கிறார். அங்கே மாற்றப்படுவது சீட் கவர்.